படைக்கு முன்னால் நின்றவன்

முன்னொரு காலத்தில் அதிதீரன் என்று ஒரு ராஜா இருந்தான். காலையில் பல் துலக்கியதும் அவனுக்கு ஒரு பொன்மொழி வந்துவிடும். சபையில் ஒரு சிற்பி உளியோடு காத்திருப்பான். ராஜா வாய் திறந்தால் அது கல்லில் ஏறிவிடும். கல்லில் ஏறியது சட்டம், ராஜாவே நினைத்தாலும் அழிக்கக் கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். கோட்டை வாசலில், "அஞ்சாமல் பேசுவதே சுதந்திரம்" என்று ஒரு கல் இருந்தது. அதை நம்பிப் பேசிய இரண்டு பேர் சிறையில் இருந்தார்கள்.

ஒருநாள் ராஜாவுக்கு அமைதியின் மேல் ஆசை வந்தது. சேனாதிபதியின் யோசனைப்படி உடனே போர் என்று முடிவாயிற்று. பக்கத்து நாடு நம்மைக் கேட்காமலே பல வருஷமாக அமைதியாக இருக்கிறதாம், எவ்வளவு பெரிய அவமானம்! அன்றைய பொன்மொழியும் பிறந்தது: "படைக்கு முன்னால் நிற்பவனே தலைவன், அவன் சொல்லே படைக்குக் கட்டளை."

சபை கைதட்டி ஓய்ந்தது. விகடகவி மாசாத்தன் மட்டும் சும்மா இருக்கவில்லை. "பிரபு, தங்கள் பல்லக்கு வழக்கமாகச் சமையல் வண்டிக்குப் பின்னால்தானே வரும்?" என்று கேட்டுவிட்டான்.

சேனாதிபதி வச்சிரபாகு இதற்காகவே காத்திருந்தவன். மாசாத்தனுக்கு முத்துமாலை விழும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும். "மகாராஜா, இவரையே முதல் ஆளாக நிறுத்துவோம். வாள் எதற்கு, கேடயம் எதற்கு? நாக்கே போதுமே!" என்றான்.

"அப்படியே ஆகட்டும். மறுத்தால் சிரச்சேதம்" என்றான் ராஜா.

எல்லையில் மாசாத்தன் வெறுங்கையோடு நின்றான். எதிரே வில்லாளிகள் நாணேற்றியிருந்தார்கள். இன்றோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தான். சாகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் இருந்த வீரர்களின் முகங்களும் அவன் முகத்தைப் போலவே வெளுத்துக் கிடந்தன. அப்போதுதான் யோசனை பிறந்தது.

"வீரர்களே! படைக்கு முன்னால் நிற்பது யார்?"

"நீங்கதான் சாமி!"

"அப்படியானால் ராஜாவின் கல்லின்படி நானே தலைவன். என் கட்டளை இது. எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடுங்கள்!"

அந்தப் படை வேறு எந்தக் கட்டளைக்கும் அவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்ததில்லை. எதிரிகள் வில்லைத் தாழ்த்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

சமையல் வண்டியைத் தாண்டி ராஜா மூச்சிரைக்க ஓடிவந்தான். "துரோகி!"

"கல்லை மீறினால்தானே துரோகம், பிரபு? தலைமை வேண்டுமா, தாராளமாக. எனக்கு முன்னால் ஓரடி வந்து நில்லுங்கள்."

ராஜா வந்து நின்றான். அவனைக் கண்டதும் எதிரே வில்கள் மறுபடி உயர்ந்தன, வரிசை வரிசையாக அம்புகள். போரை அவன் அந்த இடத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"மாசாத்தா, நீ இட்ட கட்டளை என்ன?"

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னேன், பிரபு."

"நல்ல கட்டளை. மாற்ற வேண்டாம்."

சொல்லிவிட்டு ராஜா சிரித்தான். முதலில் பயத்தில் சிரித்தான், பிறகு நிஜமாகவே வயிறு குலுங்கச் சிரித்தான். அங்கேயே தன் முத்துமாலையைக் கழற்றி மாசாத்தன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

"சிறையில் இருக்கும் அந்த இரண்டு பேரை விடுங்கள். அப்புறம் இன்னும் ஒரே ஒரு கல், பிரபு."

சிற்பி செதுக்கினான்: "போர் வேண்டும் என்று யோசனை சொல்பவர் முதல் வரிசையில் நிற்க வேண்டும்."

வச்சிரபாகு அந்தக் கல்லை இரண்டு முறை நிதானமாகப் படித்தான். அன்றிலிருந்து அமைதியைப் பற்றி அவனைவிட உருக்கமாகப் பேசியவர் அந்த நாட்டில் யாருமே இல்லை.