மன்னருக்கு வலித்த பல்

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் ஆறும் காவல் நின்ற ஒரு நாட்டை, கடித்தால் சத்தம் வராத எதையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளாத மன்னர் ஒருவர் ஆண்டுவந்தார். சீடை, முறுக்கு, வறுத்த கடலை, கணுவோடு கரும்பு என்று அவர் எதைக் கடித்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும்.

ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவருடைய பாட்டனாரை யாரோ விஷம் வைத்துக் கொன்றதிலிருந்து, முன்சுவையாளர் சாப்பிட்டுக் காட்டாத எதையும் மன்னர் வாயில் வைப்பதில்லை. நாக்கில் தொட்டுப் பார்த்தால் போதாது. மன்னர் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படியே, அவர் கண்ணெதிரே, கடித்து மென்று விழுங்க வேண்டும்.

பதினோரு வருடமாக அந்த வேலையைப் பார்த்தவர் திருமேனி. பதினோரு வருடச் சீடை என்றால் சும்மாவா? இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வலப்பக்கத்தை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. இப்போது அங்கேயும் ஒரு பல்லில் குழி விழுந்து, காற்றுப் பட்டாலே கண்ணில் நீர் வந்தது. மூன்று மாதமாக அவர் விஷத்துக்குப் பயந்ததைவிடச் சீடைக்குத்தான் அதிகம் பயந்தார்.

குடிமக்களுக்காக மன்னர் கட்டிவைத்த தருமசாலை கோட்டை வாசலருகே இருந்தது. மன்னர் மெல்லுவதற்குத் தடை வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஊர்களை மானியமாகப் பெற்ற அரண்மனைப் பல் வைத்தியர் வச்சிரநாதர் காலை வேளைகளில் அங்கே உட்காருவார். திருமேனி விடியும்போதே போய் வரிசையில் நின்றார். அவர் வாயை எட்டிப் பார்த்த வைத்தியர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

“பிடுங்கினால் இலவசம். காப்பாற்ற வேண்டுமென்றால் சாயங்காலம் என் வீட்டுக்கு வா. பழுதைச் சுரண்டி, மருந்து வைத்து அடைத்துத் தருகிறேன். முப்பது வராகன்.”

திருமேனிக்கு மாதச் சம்பளமே ஒரு வராகன்தான். “சாயங்காலமும் இதே கைதானுங்களே?” என்றார்.

“கை இதேதான். காலையில் அது தருமத்துக்கு. சாயங்காலம் எனக்கு.”

திருமேனி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இந்தப் பல்லும் போனால் மெல்லுவதற்கு வேறு வழியில்லை. மெல்ல முடியாத முன்சுவையாளரை யார் வைத்துக்கொள்வார்கள்? மனைவி செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டாள். உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆவுடையப்பனைக் கூட்டிவந்தாள். அவன்தான் மன்னரின் சபையில் விகடகவி.

“நாளைக்குச் சபையில வலியை மறைக்காதீங்க அண்ணே. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க” என்றான் அவன்.

“வேலை போயிடுமேப்பா.”

“மறைச்சா பல்லும் சேர்ந்து போயிடும். சொல்லிடுங்க, மத்தது என் பாடு.”

மறுநாள் மன்னரின் எதிரே திருமேனி சீடையை எடுத்தார், பார்த்தார், தட்டிலேயே திரும்ப வைத்தார். கடிக்க முடியவில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அன்றைக்கு அவரால் விழுங்க முடிந்தது கஞ்சி மட்டும்தான். ஆகவே மன்னருக்கும் கஞ்சி. மூன்று நாள் கஞ்சியில் மன்னர் அமைச்சரைத் திட்டினார், யானைப்பாகனைத் திட்டினார், கடைசியில் கஞ்சியையே திட்டினார்.

நான்காம் நாள் வச்சிரநாதர் எழுந்து, தன் மருமகனுக்கு முப்பத்திரண்டு பல்லும் முத்துப் போல இருக்கின்றன, அவனை நியமிக்கலாமே என்றார். மன்னர் திருமேனியை நெடுநேரம் பார்த்தார். இவன் முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் பயமில்லாமல் சாப்பிட்டேன் என்று முணுமுணுத்தார். அப்படியானால் கருவூலச் செலவில் அந்தப் பல்லை அடைத்துவிடலாமே என்று ஆவுடையப்பன் இடையில் புகுந்தான். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு நாடே வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கும் என்றார் வைத்தியர். விகடகவியை மடக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தவர்.

“பிரபு, கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது. திருமேனியும் ஒரு காசும் தரக் கூடாது. நாளை நண்பகலில் அவர் சீடை கடித்துக் காட்டட்டும். விகடகவியால் இதைச் செய்ய முடியாவிட்டால் இருவரும் அரண்மனையை விட்டுப் போகட்டும்.”

பசியில் இருந்த மன்னர் சரி என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் வச்சிரநாதர் வீட்டுக்கு ஆவுடையப்பன் அனுப்பிய ஆள் ஓடியது. மன்னரால் மெல்ல முடியவில்லை, உடனே வர வேண்டும் என்பது செய்தி. வைத்தியர் வெள்ளிப் பெட்டியில் உயர்ந்த மருந்துகளையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். ஆவுடையப்பன் வேண்டிக்கொண்டதால் மன்னரும் வாயைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்த வைத்தியர், எல்லாம் வைரம், எள்ளளவும் குறையில்லை என்றார்.

“பிறகு ஏன் நான்கு நாளாக மன்னரால் எதையும் மெல்ல முடியவில்லை, வைத்தியரே?” என்று கேட்டான் ஆவுடையப்பன்.

“திருமேனியின் பல் பழுதானதால்தான்.”

“மன்னரை மெல்ல விடாத பல் திருமேனியின் வாயில் இருக்கிறது என்கிறீர்கள். மன்னர் மெல்லுவதற்குத் தடையாக இருக்கும் பல்லைச் சீராக்குவதற்காக இரண்டு ஊர்களை மானியமாக வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பல் யார் வாயில் இருக்க வேண்டும் என்று மானியப் பட்டயத்தில் எழுதியிருக்கிறதா?”

வைத்தியர் மன்னரைப் பார்த்தார். மன்னரின் மீசை துடித்தது.

“எழுதவில்லை. எழுதச் சொன்னவன் நான்தான், எனக்குத் தெரியும். பெட்டியைத் திறவும்” என்றார் மன்னர்.

வேலை தொடங்கியதும் மன்னருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி வந்து குனிந்து பார்த்தார். இடப்பக்க ஈறு வெறுமையாக இருந்தது. இங்கே இருந்தவை எங்கே என்று கேட்டார்.

“தருமசாலையில புடுங்கினாங்க மகாராஜா. இலவசமா.”

“காப்பாற்றியிருக்க முடியுமா?”

வைத்தியர் மருந்துக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முடிந்திருக்கும்” என்றார்.

வேலை முடியும்வரை மன்னர் திருமேனியின் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

நண்பகலில் தட்டு வந்தது. திருமேனி ஒரு சீடையை வலப்பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கடுக் என்ற சத்தம் சபை முழுக்கக் கேட்டது. மென்றார், விழுங்கினார். வலியே இல்லை. பழக்கதோஷத்தில் கண்ணில் மட்டும் நீர் வந்தது. மன்னர் ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு, நான்கு நாள் பசியும் தீரக் கடித்தார். பட்டயத்தை நினைத்தாரோ என்னவோ, வாய் நிறையச் சீடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொடி பறந்து வைத்தியரின் பட்டு மேலாடையில் விழுந்தது.

ஆவுடையப்பனுக்குப் பொற்கிழி வந்தது. அவன் அதை வாங்கிக்கொள்ளாமல், பற்களை அடைக்கும் அந்த மருந்து தருமசாலையிலும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றான். மானிய ஊர்களில் ஒன்றைத் தருமசாலைக்கு எழுதிவைத்தார் மன்னர். இனிக் காலையிலும் பற்களை அடைத்துத் தர வேண்டும் என்று வச்சிரநாதருக்கு உத்தரவிட்டார். பொற்கிழியையும் அவன் கையில் திணித்து அனுப்பினார்.

மறுநாள் பொழுது விடியும்போது செங்கமலம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று திருமேனி கேட்டார். அவள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“ரெண்டு வருஷமா வலிக்குது.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொன்னா ஒண்ணு புடுங்கணும், இல்லாட்டி முப்பது வராகன் வேணும். சொல்லி உங்களையும் எதுக்கு நோகடிக்கணும்?”

அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தார். தருமசாலை வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டிருந்தது. வெயில் ஏறியபோது துண்டை அவள் தலைக்குக் குடையாகப் பிடித்தார். அவள் முறை வந்து வாயைத் திறந்தபோது அவள் கையைப் பற்றினார். மருந்து வைத்து முடித்து, அவள் வாயை மூடும்வரை விடவில்லை.