அணைக்கட்டில் ஒரு செம்புத் தண்ணீர்

ஆற்றங்கரை ஆசிரமத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இலவசமாக டயாலிசிஸ் நடந்துவந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஆதிமூலம். பொதுப்பணித்துறையில் அணைக்கட்டு மதகுகளைக் காவல் காத்தே தலை நரைத்தவர். ஆசிரமத்துக் குருவுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. ஆனாலும் ஆதிமூலம் வாய் நிறைய "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் செண்பகவல்லி என்கிற அம்மாள், மெஷினிலிருந்து எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே அவரிடம் சொன்னாள்.

"சார், இனிமே நான் வரல. போதும்."

"என்னம்மா போதும்?"

"இந்தக் குத்து, இந்த மெசினு, எல்லாந்தான்."

வராமல் நின்றால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஏன் என்று கேட்டுப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது இதுதான்.

"எல்லாருமா ஒரு பிக்னிக் போவோம்மா. அதுக்கு மட்டும் வாங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

"உங்களுக்காக வாரேன். அதுக்கப்புறம் வீட்டுக்கு ஆளனுப்பக் கூடாது."

ஆதிமூலம் குருவிடம் ஓடினார்.

"சாமி, இவங்களைச் சந்தோஷமா வச்சிருக்கணும்னா எப்படி?"

"நீங்க என்ன நினைச்சிருக்கீங்க?"

ஆதிமூலம் மூச்சுவிடாமல் சொன்னார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் கிளம்ப வேண்டும், உடம்பு தெம்பாக இருக்கும். டாக்டரிடம் கேட்டாயிற்று. அணைக்கட்டுப் பூங்கா, நல்ல நிழல். உப்புக் குறைத்த எலுமிச்சை சேவை, ஆப்பிள் துண்டு. அவர்களுக்கு ஆகாத இளநீர், வாழைப்பழம் கண்ணிலேயே படாது. அவரவருக்கு டாக்டர் அனுமதித்த அளவுத் தண்ணீர், சின்ன டம்ளரில். கூடவே ஒரு நர்ஸ்.

"இன்னொண்ணு சாமி. அவங்க முன்னால வேற யாரும் தண்ணி குடிக்கக் கூடாது. டிரைவர், நர்ஸ், வீட்டுக்காரங்க, யாரா இருந்தாலும். பாவம், பார்த்தா மனசு நோகும்."

"நானுமா?"

"நீங்களுந்தான் சாமி. மன்னிக்கணும்."

குரு சிரித்தார். "செய்யுங்க. நானும் வர்றேன்."

அந்த நாளும் வந்தது. ஏற்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஜமுக்காளம் விரித்தபடி இருந்தது, நிழல் விழுந்தபடி இருந்தது, சேவை ஆறாமல் இருந்தது. சந்தோஷம் மட்டும் வேன் ஏறவே இல்லை.

வெயில் கொளுத்தியது. மதகிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்க, அத்தனை பேரும் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் எச்சில் விழுங்கினாள். டிரைவர் எதையோ தேடுகிற சாக்கில் அடிக்கடி வேனுக்குள் போய் வந்தார். நோயாளிகள் அவரவர் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பீர் முகமது, ரிட்டயரான பஸ் கண்டக்டர், அவரும் மெஷின்காரர்தான், மெதுவாகக் கேட்டார்.

"ஏன் சார், பிக்னிக்குன்னுதான சொன்னீங்க? துட்டி கேட்டு எழவு வீட்டுக்கு வந்த மாதிரில்லா இருக்கு."

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு இன்னொரு ஆப்பிள் துண்டை எடுத்து நீட்டினார்.

செண்பகவல்லியின் கணவர் சுடலைமுத்து எழுந்து மருத மரத்துக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்கார்ந்தார்.

"மீசையைத் துடைங்க" என்றாள் செண்பகவல்லி, அவரைத் திரும்பிப் பார்க்காமலே.

ஆதிமூலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சுடலைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "ஒருநாள் பொறுக்கக் கூடாதா? அந்தம்மா எதுக்காக வந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?" சுடலைமுத்து தலை குனிந்து நின்றார். நியாயம் தன் பக்கம் என்றுதான் ஆதிமூலம் அப்போதும் நினைத்தார். அப்படி நினைப்பவரிடம் யாரால் என்ன சொல்ல முடியும்?

குரு அப்போதுதான் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்ததில் மேல்துண்டு நனைந்திருந்தது. நேராகச் செண்பகவல்லியின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, தாகமா இருக்கு. குடிக்கத் தண்ணி குடுங்க."

ஆதிமூலம் குறுக்கே வந்தார். "சாமி" என்றார். குரு அவர் பக்கம் திரும்பவில்லை.

"என்கிட்டயா கேக்கீங்க?" என்றாள் செண்பகவல்லி.

"உங்ககிட்டதான்."

அவள் தரையில் கையூன்றி எழுந்தாள். தண்ணீர்க் கேனருகே போய்ச் செம்பை இரண்டு தரம் அலசி, நிறையப் பிடித்து, இரு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

குரு அண்ணாந்து குடித்தார். மடக் மடக்கென்று சத்தம் எல்லோருக்கும் கேட்டது. தண்ணீர் தாடியில் வழிந்தது. ஆதிமூலம் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்."

அவள் மறுபடி பிடித்துவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையையே பார்த்தாள்.

"நல்லாக் குடிங்க சாமி. என் கையால ஒருத்தரு தண்ணி வாங்கிக் குடிச்சு மூணு வருசமாச்சு."

"அப்படியா?"

"வாரவங்க எல்லாம் வாசல்லயே, 'தண்ணி கிண்ணி வேண்டாம் மைனி, இப்பதான் குடிச்சோம்'னுருதாவ. கூடப் பொறந்த அண்ணனே வேண்டாம்னுட்டான். பகையாளி வீட்லதான் சாமி அப்படிச் சொல்லுவாவ. எனக்குச் சீக்கு வந்ததுக்கு, ஊரே என் வீட்டுத் தண்ணிய வேண்டாங்குது."

அவள் கணவரைப் பார்த்தாள்.

"இவரு புறவாசல்ல ஒளிஞ்சுல்லா குடிக்காரு. சொந்த வீட்டுத் தண்ணியத் திருடிக் குடிக்க மனுசன். ராவெல்லாம் யோசிச்சேன். நான் போயிட்டாலாவது இவரு நிம்மதியா ஒரு வாய் குடிப்பாரேன்னுதான் போதும்னேன்."

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று கேட்டும் வராத பதில் இதுதானா என்றிருந்தது.

செண்பகவல்லி செம்பை நிறைத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"என் மூஞ்சியப் பாத்துக் குடிங்க."

சுடலைமுத்து வாங்கினார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார்.

"சின்னப் பிள்ளை மாதிரி சிந்துதாரு, பாருங்க" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நர்ஸுக்குக் கொடுத்தாள். டிரைவரை வேனுக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கொடுத்தாள். பீர் முகமது தானும் கையை நீட்டினார்.

"உங்களுக்கு அரை டம்ளர்தான் பாய்."

"கொஞ்சம் தாராளமா ஊத்துங்கம்மா."

"ஊத்துவேன், நாளைக்கு உங்க காலு வீங்குனா யாரு பதில் சொல்லுதது? அதைக் குடிங்க, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மற்ற நோயாளிகளும் எழுந்து ஆளுக்கொரு தட்டை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தார்கள். பீர் முகமது வழியிலுள்ள ஸ்டாப்பிங் பெயரெல்லாம் கூவிக்கொண்டே சேவை வைத்தார். ஆப்பிள் துண்டுக்கு இப்போது போட்டி வந்துவிட்டது. ஆதிமூலம் மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். செண்பகவல்லி அவரிடம் வந்தாள்.

"காலையிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல நீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பிடிங்க."

அவர் குடித்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்தபிறகு அவள் தன் அளவுத் தண்ணீரைக் கையிலெடுத்துக்கொண்டு, மதகைப் பார்த்தபடி உட்கார்ந்து, சிறிது சிறிதாகக் குடித்தாள்.

சாயங்காலம் வேனில் ஏறும்போது அவரைக் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்கு எனக்கு எத்தனை மணிக்கு மெசினு?"

அவர் சொன்னார்.

வேன் கிளம்பியது. குருவும் ஆதிமூலமும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வழியில் ஆதிமூலம் கேட்டார்.

"சாமி, நான் டாக்டர் சொன்னதுல ஒண்ணைக்கூட மீறல. அப்புறம் எங்க தப்பு நடந்துச்சு?"

"அந்தம்மாவுக்கு எதைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு?"

"தண்ணி குடிக்கிறதை."

"குடுக்கிறதையுமா?" என்றார் குரு.