சட்டியா, சீனியா, வெடியா

உலகத்தில் புத்தியைப் பங்கு வைத்த நாளில் ஏத்தக்கல் ஊர்க்காரர்களும் வரிசையில்தான் நின்றார்கள். பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "நீங்க தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, முதல்ல வாங்கிக்குங்க" என்று ஒவ்வொருவருக்கும் வழிவிட்டார்கள். தங்கள் முறை வந்தபோது பங்கு வைத்தவர்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இந்தக் கதையை ஏத்தக்கல்காரர்களே எல்லோரிடமும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "மரியாதையில எங்களைக் குறை சொல்ல ஆளில்லை" என்று முடிப்பார்கள்.

மாசிலாமணி அந்த ஊர்க்காரன். வயது நாற்பத்து நாலு. கொஞ்சம் மிளகுக்கொடி, ஓர் ஓட்டு வீடு, அந்த வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் கொதிக்கும் உலை. எட்டு இடத்தில் பெண் பார்த்து எட்டும் தட்டிப்போனது. தன் முட்டாள்தனம் அவனுக்குத் தெரியாததல்ல. எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாததால் கூடவே கொண்டு திரிந்தான்.

ஒன்பதாவது பெண் தனக்கோடி. மலையடிவாரத்துப் புளியம்பாடியில் தையல்கடை வைத்திருந்தாள். புருஷன் விட்டுப்போய்ப் பத்து வருஷம்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், பொத்தான் தைத்தபடியே. "முதல்ல கட்டினது புத்திசாலி. பட்டது போதும். ஆனா எனக்கு முழங்கால் வலி, உங்க மலைக்கு ஒன்பது மைல் நடக்க மாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள வண்டியில வந்து கேளுங்க. நடந்து வந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருங்க. பதினோரு மணிக்கு ஸ்வீட் ஸ்டால்காரர் வர்றதாச் சொல்லியிருக்கார். அவர்கிட்ட ஸ்கூட்டர் இருக்கு."

அந்த ஒன்பது மைலில் நாலு மைல் தார், ஐந்து மைல் கல்லும் சேறும். தாரில் ஓடுகிற வண்டி கல்லில் ஓடாது. இரண்டிலும் ஓடுகிற மோட்டார் சைக்கிள் கொக்கு மாதிரி உயரமாக, மட்கார்டை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்நாட்டு வண்டி அவன் கைக்கு எட்டாத விலை. சீன வண்டி அதில் பாதி.

வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய வட்டமலையின் டீக்கடையில் கூட்டம் கூடியது. தலைமை கூத்தபெருமாள். ஊரில் இருக்கிற ஒரே நாற்காலி அவருடையது என்பதால் எந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. வண்டி நிபுணன் திருமேனி. ஒருமுறை மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவன்.

"சீனாச் சாமான் நிலைக்காது மாமா" என்றான் திருமேனி.

"எவன் சொன்னான்? எங்க வீட்டுச் சீனச்சட்டி மூணு தலைமுறையா இருக்கு. தட்டினா கோயில் மணி மாதிரி கேக்கும்" என்றார் கூத்தபெருமாள்.

"சீனச்சட்டி சரி. சீனி? அதுவும் சீனாச் சரக்குதானே? ஒரு டம்ளர் தண்ணி தாங்காது. நம்ம மழைக்கு வண்டி கரைஞ்சு வெறும் சாவியோட நிப்பான் மாசிலாமணி" என்றான் வட்டமலை.

"சீனவெடியை விட்டுட்டீங்களே. திரியைக் கிள்ளினா ஒரே தடவை. ரெண்டாந் தடவைன்னு ஒண்ணு கிடையாது" என்றான் திருமேனி.

கூட்டம் கணக்குப் போட்டது. சீனாவிலிருந்து வந்தவை மூன்று. வண்டி அந்த மூன்றில் எது என்று தெரியாமல் வாங்குவது மடத்தனம். தன் வாழ்க்கை சட்டியா, சீனியா, வெடியா என்பதில் வந்து நிற்கும் என்று மாசிலாமணி நினைத்ததில்லை. நினைத்துப் பார்த்தபோது, வேறு எதில் வந்து நின்றிருக்கும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நால்வரும் புளியம்பாடி வண்டிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் விலை சொல்ல வாயைத் திறப்பதற்குள் வட்டமலை குனிந்து மட்கார்டை நக்கினான். பிறகு டேங்க்கை நக்கினான். சந்தேகம் தீர பின்சக்கரத்தையும் ஒரு நக்கு.

"இனிப்பில்லை. சீனி இல்லை" என்று அறிவித்தான்.

கடைக்காரர் பலதரப்பட்ட வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார். சைலன்சர் 'படார்' என்று ஒரு சத்தம் போட்டது. நால்வரும் தரையில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் வண்டி முழுசாக நின்றிருந்தது.

"வெடிச்சு முடிஞ்சிருச்சு. இனிமே பயமில்லை" என்றார் கூத்தபெருமாள், வேட்டியைத் தட்டிக்கொண்டு. "மிச்சம் இருக்கறது சட்டிதான். மூணு தலைமுறைக்குக் கவலையில்லை."

"வாங்கினாத் தகுமாங்க?" என்று மாசிலாமணி கடைக்காரரைக் கேட்டான்.

"கொடுக்கற காசுக்கு நல்ல வண்டிங்க. நட்டு அப்பப்ப லூசாகும், முடுக்கிக்கணும். பார்ட்ஸ் வர நாளாகும். நான் எதுக்குப் பேசணும்? ரோட்டுல ஏறினா வண்டி பேசும்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த பாஷையில?" என்றார் கூத்தபெருமாள்.

கடைக்காரர் சிரித்தார். மிளகு விற்ற பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்றே விஷயம் சொன்னார். "ஸ்டாண்டை எடுத்துட்டு ஓட்டுங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

மூன்றையும் நால்வரும் மனப்பாடம் செய்தார்கள். திருமேனி உடனே ஸ்பேனர் கேட்டு வாங்கி, ஸ்டாண்டைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டான். "எடுத்துட்டு ஓட்டணும்னார். விட்டுட்டு ஓட்டினா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தப்பும்பாங்க." அதிலிருந்து வண்டி தானாக நிற்காது. யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு திருமேனி ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சைப் பிடித்து, மெதுவாக விட ஆரம்பித்தான். வெயில் ஏறியது. கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"விட்டாச்சாடா?" என்றார் கூத்தபெருமாள்.

"அவசரப்படுத்தாதீங்க மாமா. சுண்டுவிரல் விட்டாச்சு."

இப்படியே போனால் வெள்ளிக்கிழமை போய்விடும் என்று மாசிலாமணிக்கு பயம் வந்தது. ஆகவே திருமேனி ஓட்டினான், மற்ற மூவரும் தள்ளினார்கள். ஒன்பது மைல் ஏற்றம். ஊர் எல்லை வந்தபோது மோதிர விரலும் விட்டிருந்தான்.

மறுநாள் வண்டியை மாசிலாமணியின் வாசலில் ஸ்டார்ட் செய்து, அது பேசுவதைக் கேட்க உட்கார்ந்தார்கள். டட டட டட என்றது.

"'டட'ன்னா வணக்கமா இருக்கும். வந்த இடத்துல முதல்ல வேற என்ன சொல்லும்?" என்றார் கூத்தபெருமாள்.

எல்லோரும் கைகூப்பி "டட" என்றார்கள். அவர்கள் போன பிறகும், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாசிலாமணி அதற்கு ஒருமுறை "டட" சொன்னான். அந்த வாசலில் அவன் குரலுக்கு மறுகுரல் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

வியாழக்கிழமை காலை வண்டியை வட்டமலையிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு மாசிலாமணி நடந்து புறப்பட்டான். ஒன்பது மைலையும் கல் கல்லாக, குழி குழியாகப் பார்த்துக்கொண்டே இறங்கினான். அப்படியே திரும்பி ஏறினான்.

"எங்கடா போயிட்டு வர்றே?" என்றான் வட்டமலை.

"நாளைக்கு ஓட்டணுமில்ல. முன்னாடி பார்த்து ஓட்டுங்கன்னு கடைக்காரர் சொன்னாரே. அதான் முன்னாடியே பார்த்துட்டு வந்துட்டேன்."

"விவரமானவன்டா நீ" என்றான் வட்டமலை. அதுவரை மாசிலாமணியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கால் வலி பாதி குறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. வெற்றிலை, பழம், பூ வைத்த தாம்பாளத்தோடு மூவரும் குறுக்குவழியில் முன்னாலேயே இறங்கினார்கள். மாசிலாமணி வண்டியைக் கிளப்பி, கிளட்ச்சைப் பிடித்து, மெதுவாக விடத் தொடங்கினான். ஒரு விரலும் விட்டபாடில்லை. ஆனால் பாதை இறக்கம். வண்டி தன்பாட்டில் உருண்டது. பாதையை நேற்றே பார்த்துவிட்டபடியால் மாசிலாமணி வானத்தைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், தனக்கோடி பொத்தான் தைக்கிற விரல்களை மனசுக்குள் பார்த்தான். வளைவுகள் அவனுக்கு மனப்பாடம். கல் வந்தால் குதித்தது, சேறு வந்தால் வழுக்கியது, தார் வந்ததும் காற்றாய்ப் போனது. வண்டி மேல் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

கடைசி வளைவில் ஓர் எருமை படுத்திருந்தது. மாசிலாமணியின் கடைக்கண்ணில் அது பட்டது. ஆனால் நேற்று அங்கே எருமை இல்லை. நேற்று நன்றாகப் பார்த்திருந்தான். ஆகவே இல்லை என்றே ஓட்டினான்.

எருமை எழுந்து நகர்ந்தது. வண்டி கால்வாய்ச் சேற்றில் இறங்கிக் கரையோரம் சாய்ந்தது. மாசிலாமணி வண்டிமேலேயே இருந்தான். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை.

தாம்பாளத்தோடு மூவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மணி பத்து. தையல்கடை இன்னும் அரை மைல்.

"தள்ளிட்டுப் போயிரலாம்" என்றான் திருமேனி.

"தள்ளினா நான் நடக்கணும். நடந்து வந்தா அப்படியே திரும்பிப் போயிருன்னு சொல்லியிருக்கா" என்றான் மாசிலாமணி. "ஒன்பதாவதும் போச்சு."

கூத்தபெருமாள் நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே யோசித்தார். "வண்டியில வரணும்னு சொன்னா. வண்டி ஓடி வரணும்னு சொன்னாளா?"

"சொல்லலை மாமா."

"அப்ப இறங்காதே."

எருமைக்காரர் தன் எருமை தப்பித்த சந்தோஷத்தில் கயிறும் ஒரு தோளும் கொடுத்தார். பக்கத்து மூங்கில் கடையில் இரண்டு மூங்கில் கிடைத்தன. வண்டியைக் குறுக்காகக் கட்டி, மேலே மாசிலாமணி ஹாண்டில்பாரைப் பிடித்தபடி இருக்க, நாலு பேர் தோளில் தூக்கினார்கள். தாம்பாளத்தை அவன் மடியில் வைத்தார்கள்.

நாலு பேர், மூங்கில், பூ. கடைவீதியில் சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று செருப்பைக் கழற்றினார்.

"யாருப்பா போறது?" என்றார் தணிந்த குரலில்.

"மாப்பிள்ளைங்க" என்றான் வட்டமலை, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அடப் பாவமே. சின்ன வயசா?"

"நாப்பத்து நாலு."

தெருமுனையில் அந்த ஊர்வலம் வருவதைப் பார்த்ததுமே ஸ்வீட் ஸ்டால்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, தலைகுனிந்து நின்றார். நல்ல காரியத்துக்குப் புறப்படும் நேரத்தில் எதிரே இப்படி வந்ததே என்று மனசு சங்கடப்பட்டு, பதினோரு மணிப் பயணத்தை ஆடி கழியத் தள்ளிவைத்தார்.

பத்து இருபத்தைந்துக்குத் தையல்கடை வாசலில் வண்டியை இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். தனக்கோடி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு மாசிலாமணியின் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் துளி மண் இல்லை.

"கால் தரையில படலை" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்க பயந்து மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து வருஷமா எனக்கு வாக்குக் கொடுத்தவங்கள்ல" என்றாள் தனக்கோடி, "அதை இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தினது நீங்க ஒருத்தர்தான்." தாம்பாளத்தை எடுத்துக் கடைக்குள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

வெளியே வந்தவள் கையில் தையல்மிஷின் ஸ்குரூடிரைவர் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு இடத்தை முடுக்கினாள். ஹாண்டில்பாரில் ஒரு சிவப்புப் பொத்தானைப் பார்த்து, "எஞ்சினை நிறுத்தறது இது. விழுந்தப்ப அமுங்கியிருக்கு" என்று அதைத் தட்டிவிட்டாள். புடவையை இழுத்துச் செருகி ஏறி உட்கார்ந்து உதைத்தாள். வண்டி பேசியது.

"உங்க வீடு எது?"

"கடைசி ஓட்டு வீடு. கதவு சும்மா சாத்தியிருக்கும்."

"வீட்டைப் பார்த்துட்டு சாயங்காலம் இறங்கிடறேன். பின்னாடி ஓர் ஆளுக்கு இடமிருக்கு, ஏறுங்க."

யார் ஏறுவது என்று நால்வரும் கலந்து பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் வண்டி மலையின் முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

எருமைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நால்வரும் மலையேறத் தொடங்கினார்கள். தோளில் பாரம் இல்லாததால் யாருக்கும் நடையே சரியாக வரவில்லை. மாசிலாமணி இரண்டு தடவை இடறினான். சந்தோஷத்தினாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இப்பச் சொல்லுடா. சீன வண்டி வாங்கினது தகுமா?" என்றார் கூத்தபெருமாள்.

மாசிலாமணி ஒரு வளைவு முழுக்க யோசித்தான்.

"தகும் மாமா. ஆனா ஒண்ணு மட்டும் வாங்கினதுதான் தப்பு. அதை அவ ஓட்டிட்டுப் போயிட்டா. இப்ப நாம தூக்க ஒண்ணுமில்லை. ரெண்டா வாங்கியிருக்கணும்."

"நியாயம்" என்றார் கூத்தபெருமாள். "மைலேஜ் என்னன்னு பார்க்க வேண்டாமா? ஓட்டற வண்டி லிட்டருக்கு இருபது மைல்னாங்க. தூக்கற வண்டி?"

திருமேனி விரல்விட்டு எண்ணினான். "ஆளுக்கு ஆறு இட்டிலிக்கு ஒன்பது மைல் மாமா. சட்னி தனி."

"அப்ப தூக்கற வண்டிதான் லாபம்" என்றான் வட்டமலை. ஊரில் இட்டிலி விற்பவன் அவன்தான்.

நால்வரும் அங்கேயே திரும்பி, இரண்டாவது வண்டி வாங்கக் கடையைப் பார்த்து இறங்கினார்கள். பாதி வழியில் மாசிலாமணி நின்றான்.

"இந்தத் தடவை எஞ்சின் இல்லாததாக் கேப்போம் மாமா" என்றான். "தூக்கற வண்டிக்கு அது எதுக்கு, வீண் பாரம்."