முறைத்த முகம்

கொன்றையூர் அரசர் செண்பகராயரின் புது மண்டபச் சுவரில் ராஜசபையை வரைந்து முடித்திருந்தார் ஓவியர் வெள்ளையப்பன். வழக்கப்படி ஒரு மூலையில் தன்னையும் சின்னதாக வரைந்துகொண்டார். அங்கேதான் வினை வந்தது.

அந்தச் சுவரில் பிரதானி வைரவநாதரின் தொந்தி உள்ளது உள்ளபடி இருந்தது. பிரதானிக்குப் பொறுக்குமா? நேரே அரசரிடம் போனார். மூலையில் இருக்கும் ஓவியன் முகத்தைப் பாருங்கள், புருவம் நெரிந்திருக்கிறது, கண் முறைக்கிறது, மனசில் ராஜதுரோகம் இல்லாமல் இப்படி வருமா என்று ஓதினார். அரசரும் பார்த்தார். முறைப்பது போலத்தான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் வெள்ளையப்பன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

பாவம், அந்த மனுஷன். அவருக்காகப் பேச வந்தவர் சபை விகடர் பூவலிங்கம் ஒருவர்தான். அவரும் என்ன செய்தார்? பிரதானியைப் புகழ்ந்தார். முகத்தை வைத்தே மனசைப் படிக்கும் மேதை, விசுவாசமுள்ள முகம் எப்படி இருக்கும் என்று அவரே தம் முகத்தை வரைந்து காட்டினால் சபைக்குப் பாடமாக இருக்கும் என்றார். அரசர் சம்மதித்தார். பிரதானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கண்ணாடியும் பலகையும் வந்தன. பிரதானி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஆரம்பித்தார். மூக்கு வரைவதற்குள் சிரிப்பு போய்விட்டது. காதுக்கு வந்தபோது புருவம் முடிச்சுப் போட்டுக்கொண்டது, உதடு பல்லில் மாட்டிக்கொண்டது, கண் பிதுங்கியது. பூவலிங்கம் அரசரை ஓசைப்படாமல் அழைத்துவந்து பிரதானிக்குப் பின்னால் நிறுத்தினார். கண்ணாடியில் அரசர் முகமும் தெரிந்தது.

"என்னையா முறைக்கிறீர், வைரவநாதரே?" என்றார் அரசர்.

பிரதானி தூரிகையைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ மகாராஜா, கண்ணாடியைப் பார்த்து வரைகிறவனுக்கு முகம் இப்படித்தான் ஆகும். இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் சொல்ல வந்ததைப் பிரதானியே சொல்லிவிட்டார். வெள்ளையப்பன் இனி தம் வீட்டுக்குத் திரும்பலாமா, மகாராஜா?" என்றார் பூவலிங்கம்.

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உத்தரவை அப்போதே ரத்து செய்தார். வெள்ளையப்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டு, பூவலிங்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பிரதானி வரைந்த படத்தைக் கொடுங்கள், போதும். இனி அவர் யார் முகத்தையாவது படித்துச் சொல்ல வந்தால், முதலில் இதைப் படிக்கச் சொல்கிறேன்."