குடைக்குக் கீழே ஓர் ஓட்டுப் பெட்டி

"மகாராஜா வாயால் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே செய், மனசில் என்ன நினைக்கிறாரோ அதை..."

கொன்றையூர் சமஸ்தானத்துப் பழைய திவான், ஓய்வு பெற்ற அன்று சபையில் பேசிய பேச்சு இது. மனசில் நினைப்பதை என்ன செய்யச் சொன்னார் என்பது மாசிலாமணிக்கு மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.

மாசிலாமணி அரண்மனை ராயசம். மகாராஜாவின் கடிதங்களை எழுதுவதும், குடிகள் கொண்டுவரும் மனுக்களை வாசலில் நின்று வாங்குவதும் அவர் வேலை.

அந்த வருஷம் வெள்ளைக்கார ஏஜெண்டு துரை புதுசாக ஒன்றைக் கிளப்பினார். சமஸ்தானத்தில் ஒரு பிரஜா சபை வேண்டும். அதற்கு எலெக்‌ஷன் வேண்டும். மிரட்டக் கூடாது, காசு கொடுக்கக் கூடாது, இன்னாருக்குப் போடு என்று அரண்மனை ஆள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவரே கூட உட்கார்ந்து பார்ப்பார்.

நின்றவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஓர் ஓட்டுப் பெட்டி. ஒருவர் நாட்டு வைத்தியர் சடையப்பர். மற்றவர் மகாராணியின் தம்பி சிங்கமுத்து. சபைக்குப் போனதும் சிங்கமுத்து செய்யப்போகும் முதல் காரியம் ஊருக்கே தெரியும். பெரிய ஏரியின் மதகை அடைத்துவிட்டு, அதில் அன்னப்பறவை மாதிரி ஒரு படகு விடுவது. மதகை அடைத்தால் கீழே இருக்கிற வயலெல்லாம் காயும். மாசிலாமணியின் வயலும் கீழேதான் இருந்தது.

மகாராஜா ராயசத்தை அரண்மனைச் சபைக்குக் கூப்பிட்டார்.

"மாசிலாமணி, என் மச்சான் பெட்டி நிறைய வேண்டும். மூடி போட முடியாதபடி நிறைய வேண்டும். இல்லையென்றால் உன் எழுத்தாணியை மச்சானிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ."

"பெட்டி நிறைய வேண்டும், அவ்வளவுதானே மகாராஜா?"

"அவ்வளவுதான்."

"சபையோர் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?" என்று மாசிலாமணி நாலு பக்கமும் ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே வந்தால் சிங்கமுத்து காத்திருந்தார்.

"ஓய் ராயசம், வைத்தியன் பெட்டியும் என் பெட்டியும் ஒன்றா? அவன் லேகியம் வைத்திருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவருகிறானாம். எனக்கு வெள்ளிப் பெட்டி வேண்டும். வாயும் அகலமாக இருக்கட்டும். நிறைய விழ வேண்டாமா?"

"நியாயந்தான் சின்ன எசமான். பட்டு விரிக்கட்டுமா?"

"விரியும். மேலே அரண்மனை வெண்குடை. பக்கத்தில் சாமரம்."

மாசிலாமணி ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் நின்றார்.

"குடையா? தங்கள் இஷ்டம்" என்றார்.

கொன்றையூரில் வெண்குடைக்கு ஒரு வழக்கம் உண்டு. குடைக்குக் கீழே மகாராஜா இருந்தாலும் ஒன்றுதான், அவருடைய பாதரட்சை இருந்தாலும் ஒன்றுதான். வெறுங்கையோடு போகக் கூடாது. எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட வேண்டும். முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வர வேண்டும். காகிதம் எதுவானாலும் மனு என்றே கணக்கு. மனுவைக் குடைக்கு நேரே நீட்டுவது பெரிய குற்றம். அதை வாசலில்தான் கொடுக்க வேண்டும்.

எலெக்‌ஷன் அன்று வெள்ளிப் பெட்டி மேளதாளத்தோடு கச்சேரி மண்டபத்துக்கு வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்தது. வைத்தியரின் தகரப் பெட்டிக்கு மாசிலாமணி இடம் பார்த்தார். வாசலோரம் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் வைத்தார்.

குடை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட குடிகள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பழம் எதற்கு?"

"மரியாதை, துரை. சட்டத்தில் மரியாதைக்குத் தடை இருக்கிறதா?"

துரை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தடை இல்லை.

முதலில் வந்த செட்டியார் குடையைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டினார். பழத்தைப் பெட்டியில் போட்டுக் கும்பிட்டார். கையிலிருந்த ஓட்டுச் சீட்டைப் பார்த்தார். மாசிலாமணியைப் பார்த்தார்.

"என்னங்க ராயசம், குடைக்கு நேரே காகிதத்தை நீட்டலாமுங்களா?"

"நான் வாய் திறக்கக் கூடாது செட்டியாரே. துரை உத்தரவு."

செட்டியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். முக்காலி காலில் இடித்தது. திரும்பினார், சீட்டைத் தகரப் பெட்டியில் போட்டார், போனார். அவருக்குப் பின்னால் ஊரே அப்படித்தான் போனது.

சாயங்காலம் மகாராஜா வந்தார். வெள்ளிப் பெட்டி மூடி போட முடியாமல் நிறைந்து நின்றது. அவருக்கு ஏக சந்தோஷம்.

துரை பெட்டியைச் சாய்த்தார். எலுமிச்சம்பழங்கள் மண்டபமெங்கும் உருண்டன. ஒன்று போய் மகாராஜாவின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது. சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வைத்தியர் பெட்டியில் இருந்தன.

மகாராஜாவின் முகம் சிவந்தது.

"மாசிலாமணி, நான் என்ன சொன்னேன்?"

"மூடி போட முடியாதபடி நிறைய வேண்டும் என்றீர்கள். நிறைந்தது மகாராஜா. எதனால் நிறைய வேண்டும் என்று உத்தரவாகவில்லை."

"ஒரு சீட்டுகூடவா விழவில்லை?" சட்டென்று மச்சான் பக்கம் திரும்பினார். "உனக்கும் ஓட்டு உண்டே. அது எங்கே?"

சிங்கமுத்து தலையைச் சொறிந்தார்.

"நானும் பழம் வைத்தேன் அத்தான்."

"சீட்டு?"

"குடைக்கு நேரே காகிதத்தை நீட்டுவதா? அவ்வளவு மரியாதை தெரியாதவனா நான்? பின்னாலேயே நடந்து வந்தேன். அந்தத் தகரப் பெட்டி கைக்கு வாகாக இருந்தது..."

மகாராஜா உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி. விஷயம் புரியாமலே துரையும் சேர்ந்து சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாராஜா எழுதச் சொன்னார். மாசிலாமணி எழுத்தாணியை எடுத்தார்.

ஏரி மதகு திறந்தே இருக்கும். சிங்கமுத்து இன்று முதல் அரண்மனை ஊறுகாய்க்கு அதிகாரி.