மூணு பூட்டு மரக்கால்

வருஷத்துல நாப்பது நாள் மட்டும் கடலுக்கு நடுவுல ஒரு மணல்திட்டு எந்திரிச்சு நிக்கும். காத்து திரும்புனா மறுபடி படுத்துக்கும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மண்ணு. காலைப் பனியில பாத்தா திட்டு எது, தண்ணி எது, வானம் எதுன்னு பிரிக்க முடியாது. கப்பலுங்க பாலுக்குள்ள தொங்குற மாதிரி இருக்கும். அந்த மயக்கத்துக்குள்ளதான் மூணு நாட்டுச் சந்தை நடக்கும்.

ஆரம்பத்துல அரிசி அளக்க ஆளுக்கொரு மரக்கால் கொண்டு வந்தாங்க. விக்கும்போது சின்னது, வாங்கும்போது பெருசு. அரிசியை விட அடிதான் அதிகமா கைமாறுச்சு. அப்புறம் மூணு நாட்டாரும் உக்காந்து பேசி, பொதுவா ஒரு மரக்கால் செஞ்சு, குவிக்காம, விளிம்போட தலைதட்டித்தான் அளக்கணும்னு முடிவு பண்ணி, அதை ஒரு பெட்டியில வச்சுப் பூட்டுனாங்க. மூணு பூட்டு, நாட்டுக்கு ஒரு சாவி. மூணும் திரும்புனாத்தான் சந்தை. திட்டு மேல வேற மரக்கால் எடுக்கக் கூடாது.

சின்னத்தீவுச் சாவி நாச்சி இடுப்புல இருந்துச்சு. தீவுக்கு மொத்தமே ஒரு தோணி. தேங்காயும் கருவாடும் உண்டு, நெல்லு ஒரு கதிர் கிடையாது. மழை பிடிச்சா மூணு மாசம் கடல்ல இறங்க முடியாது. அந்த மூணு மாசச் சோறு இந்தச் சந்தையில இருந்துதான் போகணும்.

அந்த வருஷம் நாச்சி சாவியைத் திருப்புனா. தென்கரை யாசீன் காக்கா திருப்புனாரு. மேலக்கரை குழந்தைவேலு அண்ணாச்சி திருப்பல. பேருதான் குழந்தை, அவரு ஏறுனா தோணி ஒரு பக்கம் சாயும். வந்திருந்த அரிசியில முக்கால்வாசி அவர் கப்பல்லதான் கிடந்துச்சு.

"போன வருஷம் என் அரிசியை நனைஞ்ச அரிசின்னு தீர்ப்பு சொன்னீங்கல்ல? சொன்ன மூணு பேர்ல ஒருத்தன் காக்காவோட மச்சான். மறுபடி விசாரிங்க. அதுவரைக்கும் சாவி என் மடியிலயே கெடக்கட்டும்"னாரு.

"முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க அண்ணாச்சி"ன்னாரு காக்கா. மச்சான் உக்காந்தது தப்புன்னு அவருக்கும் தெரியும். ஆனா ஊருக்குத் திரும்பிப் போகணுமே. வீட்டுல மச்சானோட அக்கா இருக்காங்க.

முப்பது நாள் இப்படியே கரைஞ்சுது. நாச்சி தினமும் பனிக்குள்ள நடந்து போயி அந்த ஒத்தப் பூட்டைப் பாத்துட்டு வருவா. பாத்தா திறக்கும்னு இல்ல. பாக்காம இருக்க முடியல.

ஒருநாள் அவ கொழுந்தன் சூசை கடப்பாறையோட வந்து நின்னான்.

"தள்ளுங்க மதினி. ஒரே நெம்பு."

"நெம்பிட்டு?"

"அளந்துக்கிட்டுப் போவோம்."

"அடுத்த வருஷம் அண்ணாச்சி ஆளுங்க நூறு கடப்பாறை கொண்டு வருவாங்கடா. நம்மகிட்ட எத்தனை இருக்கு?"

சூசை கையில இருந்ததைப் பாத்தான். அதுவே இரவல்.

அந்த வாரம் காக்கா பூவரசங் கட்டையைக் குடைஞ்சு ஒரு புது மரக்கால் செஞ்சாரு. பழைய மரக்கால் எத்தனை படி பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்; அதே கணக்குக்கு எல்லாரும் பாக்க மணலைக் கொட்டி அளவு சரிபாத்தாங்க. புதுப் பெட்டிக்குத் தனக்கொண்ணு, நாச்சிக்கொண்ணுன்னு ரெண்டு பூட்டு மாட்டி, மூணாவது கொண்டியைச் சும்மா விட்டுவச்சாரு. "அதே அளவுதான், வேற மரக்கால் இல்ல. அண்ணாச்சி என்னைக்கு வந்தாலும் மாட்டிக்கட்டும்"னாரு.

மறுநாள் விடியக்காலம் குழந்தைவேலு அண்ணாச்சி நாச்சியைத் தன் கப்பலுக்குக் கூப்பிட்டாரு.

"தங்கச்சி, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. திட்டுச் சட்டம் என் கப்பல் மேல செல்லாது. இங்க என் மரக்கால்ல, குவிச்சு அளக்குறேன். ஒண்ணுக்கு ஒண்ணேகால் வரும். உன் தீவுக்கு வேணுங்கிற அரிசி பூராவும் எடுத்துக்க. அந்தப் புதுக் கட்டையை மட்டும் தொடாத."

நாச்சி ஒரு கை அள்ளிப் பாத்தா. நல்ல அரிசி.

"அடுத்த வருஷமும் குவிச்சு அளப்பீங்களா அண்ணாச்சி?"

"அடுத்த வருஷத்தை அப்பப் பாத்துக்கலாம்."

அவரு பொய் சொல்லல. அதுதான் அவளுக்குப் பயமா இருந்துச்சு. கையில இருந்ததை மூட்டைக்குள்ளயே திருப்பிப் போட்டா.

இறங்கி வந்து, எல்லாரும் கேக்க காக்காகிட்டச் சொன்னா: "காக்கா, உங்க மச்சான் உக்காந்தது தப்பு. அண்ணாச்சி கேக்குறதுல நியாயம் இருக்கு. மறுபடி விசாரிச்சிருவோம்."

"அடுத்த வருஷம் பேசலாம்மா"ன்னாரு காக்கா.

காக்கா கப்பல்ல இருந்த அரிசி கொஞ்சம். கொடுக்க முடிஞ்சதைப் புது மரக்கால்ல தலைதட்டிக் கொடுத்தாரு. தோணி பாதிதான் ரொம்புச்சு. காத்து திரும்புச்சு. திட்டு ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல தண்ணிக்குள்ள போச்சு, தூக்கம் வந்த ஆளு போர்வையை இழுத்துக்கிற மாதிரி. பெட்டிகளைக் கப்பல்ல ஏத்திக்கிட்டாங்க. அண்ணாச்சி அரிசி வந்தபடியே திரும்பிப் போச்சு.

துடுப்புப் போட்டுக்கிட்டே சூசை கேட்டான்: "புள்ளைங்களுக்குச் சட்டத்தையா மதினி வடிச்சுப் போடப் போறீங்க?"

நாச்சி இன்னொரு துடுப்பை எடுத்துப் போட ஆரம்பிச்சா.

இப்ப நீங்க சொல்லுங்க. நியாயம் கேட்டுச் சாவியை மடியில வச்சுக்கிட்ட அண்ணாச்சி, புதுசா ஒண்ணு செஞ்சு சந்தையை நடத்துன காக்கா, நெம்பிடலாம்னு வந்த சூசை, குவிச்ச அரிசியை வேண்டாம்னுட்டு வந்த நாச்சி. இதுல யார் செஞ்சது சரி?

விடை: நாச்சி செஞ்சதுதான் சரி. ஒத்தத் தோணிக்காரிக்கு எல்லாருக்கும் ஒரே அளவுங்கிறதைத் தவிர வேற பலம் கிடையாது. இஷ்டத்துக்குக் குவிக்கிற கை இஷ்டத்துக்குக் குறைக்கவும் செய்யும். அண்ணாச்சி கேட்டது நியாயம், அதுக்காக மூணு ஊர் சோத்தைப் பூட்டுனது அநியாயம். காக்கா மூணாவது பூட்டுக்கு இடம் விட்டாரு, மூணாவது மனுஷன் திரும்பி வர ஒரு வார்த்தை விடல. சூசைக்குப் பசி தெரியும், அடுத்த வருஷம் தெரியாது. ஆனா பாருங்க, சரியா செஞ்சவ தோணிதான் பாதியா போச்சு. அதனால நாச்சி பக்கம்னு சொன்னவங்க யாரா இருந்தாலும் சொன்னதோட உக்காந்துக்க முடியாது. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு மூட்டை அரிசியோட சின்னத்தீவுக்குத் தோணி ஏறணும்.