பத்துப் பொந்துகளும் ஒரு கிளையும்

ஏரிக்கரை மருத மரத்தில் ஒரு மரங்கொத்தி இருந்தது. பொந்து செதுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வமும் அதற்குக் கொஞ்சம் உண்டு.

அந்தக் கரையில் கொக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. பருந்து வந்தால் எப்படித் தப்புவது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வருடம்தான் முதல்முறையாக, மலையடிப் புதர்க்காட்டிலிருந்து பத்துத் தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் படிக்க வந்தன. அவை தங்க ஒரு விடுதி வேண்டியிருந்தது.

"எங்கிட்ட விடுங்க!" என்றது மரங்கொத்தி.

பத்துப் பொந்துகள் தயாராயின. கிழக்கு பார்த்த வாசல், வழவழப்பான சுவர், சாரல் அடிக்காத ஆழம். தனக்கென்றால்கூட அது இவ்வளவு பாடுபட்டிருக்காது.

குஞ்சுகள் பொந்துகளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தன. அவற்றிலேயே சின்னது, மெலிந்தது, கெம்பி. "எல்லாரும் ஒண்ணா இருக்க இடம் இல்லீங்களா?" என்று அது கேட்டது.

"ஆளுக்கு ஒரு பொந்து! ராஜ மரியாதை! இன்னும் என்ன வேணும் உனக்கு?" மரங்கொத்திக்கு முகம் சுண்டிவிட்டது.

கெம்பி தனக்குக் கொடுத்த பொந்துக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

மார்கழி பிறந்தது. குஞ்சுகள் வகுப்பில் தூங்கி விழுந்தன. "புதர்க்காட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது!" என்று ஏரிப் பறவைகள் பேசிக்கொண்டன. மரங்கொத்தியும் ஆமாம் என்று தலையை ஆட்டியது.

ஒரு நாள் விடிந்ததும் ஒன்பது குஞ்சுகள் குரல் கொடுத்தன. கெம்பியின் குரல் மட்டும் வரவில்லை. மரங்கொத்தி அதன் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. கெம்பி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உடம்பு விறைத்துப் போயிருந்தது.

சேதி கேட்டுத் தாய்க்குருவி மாதி பறந்து வந்தது.

"நல்ல பொந்தாத்தானே குடுத்தேன் தாயி!" என்று மரங்கொத்தி கதறியது.

"நாங்க ஒரே கிளையில ஒட்டி உக்காந்து தூங்குற கூட்டமுங்க. நோஞ்சான் பிள்ளைய நடுவுல வச்சுக்குவோம். தனியாப் படுத்து எங்களுக்குப் பழக்கமே இல்லை; குளிருல ராத்திரி பூரா கண்ணே மூடாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

கெம்பி கேட்டதே! மரங்கொத்திக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"மிச்சப் பிள்ளைகள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றது மாதி.

"வேண்டாம்மா! போன வருஷம் பருந்து நம்மள்ல ஆறு பேரைத் தூக்கிட்டுப் போச்சே. நாங்க படிக்கணும்!" என்றன குஞ்சுகள்.

மரங்கொத்தி தலை குனிந்தது. "எங்க, எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் செய்யுறேன்."

குஞ்சுகள் ஒரு கிளையைக் காட்டின. மேலே அடர்ந்த இலை, கீழே முள்புதர். குறுக்கே நின்ற நாலு சுள்ளிகளை ஒடித்துப் போட்டதோடு மரங்கொத்தியின் வேலை முடிந்தது.

பொழுது சாயும் வேளையில் ஒன்பது குஞ்சுகளும் அதில் வரிசையாக நெருக்கி உட்கார்ந்தன. நடுவில் ஓர் இறகு நுழையக்கூட இடமில்லை.

"கெம்பி நினைவா கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே?" என்று மரங்கொத்தி மெல்லக் கேட்டது.

"விடக் கூடாதுங்க. அந்தச் சந்து வழியாக் குளிர் வந்து, இன்னொரு பிள்ளையக் கொண்டுபோயிடும்" என்றது மாதி.

மரங்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

பிறருக்கு வீடு கட்ட நினைப்பவர், அவர்கள் வாழும் முறையை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.